மலையிலிருந்து தொடங்குபவர்

ஒன்பது பேருடைய அகதி விண்ணப்பத்தில் நான் நிலவை மறைத்திருக்கிறேன். இதை இவ்வளவு காலமும் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். அதைவிட உயர்வான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஊரில் இருந்த காலத்தில் பதினான்கு சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தேன். பதினான்கும் திரும்பி வந்தன. அதில் ஒன்று இரண்டு தரம் திரும்பி வந்தது. மொன்றியலில்தான் முதன்முதலாக எனக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். அவர்கள் குடிவரவு அதிகாரிகள். நான் எழுதியதைப் படிக்காமல் திருப்பி அனுப்ப அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

வந்திறங்கிய எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலையாகியது. ‘உமக்கு நேர்ந்ததை விபரிக்கவும்’ என்று ஒரு பகுதி இருக்கும். ஆட்கள் இரண்டு வரியில் சொல்லி முடிப்பார்கள். “வீட்டை எரிச்சாங்கள். ஓடி வந்திட்டம்.” இதில் உண்மை இருக்கிறது, கலை இல்லையே என்று எனக்குப் படும். ஆகவே நானே ஒரு வசனம் சேர்ப்பேன். ‘கீழே மனிதர் செய்வதைக் காணச் சகியாமல் நிலவும் முகிலுக்குள் முகம் புதைத்துக்கொண்டது.’ எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நல்ல வசனத்தை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது அநியாயம் என்று எல்லோருக்கும் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் விசாரணைக்குப் போகிறவருக்குப் பக்கத்தில் பேச வழக்கறிஞர்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தெரிந்த ஒருவர் இருந்தாலும் போதும். நான் பழைய சாமான் கடையில் ஒரு மண்ணிறக் கைப்பெட்டி வாங்கினேன். அதற்குள் மத்தியானச் சாப்பாடு இருக்கும். சட்டம் சம்பந்தமான எதுவும் இருக்காது.

நிலவு மறைந்த ஒன்பதாவது ஆள்தான் நான் சொல்ல வந்த மனிதர். பெயர் வேண்டாம். நாங்கள் அவரை ‘யப்பான் அண்ணை’ என்றுதான் கூப்பிட்டோம். மட்டக்களப்பு ஆள். காகித ஆலையில் இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். நாற்பத்தெட்டு வயது, கட்டை, கறுப்பு, எந்தக் குளிரிலும் சேட்டின் கையை முழங்கைவரை மடித்து விட்டிருப்பார். கையில் எந்தக் கடதாசி கிடைத்தாலும், அது சுப்பர் மார்க்கெட் விளம்பரமாகவே இருந்தாலும், முதலில் இரண்டு விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் படிப்பார்.

நாங்கள் மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு ‘மூன்றரை’யில் ஏழு பேர் இருந்தோம். அந்த ஊரில் வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள். அரை என்பது குளியலறை. காலை ஆறரை மணிக்கு அந்த அரைக்கு இருந்த மதிப்பு மற்ற மூன்றுக்கும் இருந்ததில்லை. அவர் எட்டாவது ஆளாகப் பையோடு வந்து நின்ற அன்று வெளியே முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு பேரும் சன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம். பருத்தித்துறையில் வங்கியில் இருந்த ஓர் அண்ணை எங்களோடு இருந்தார். அவர்தான் மரியாதைக்காகக் கேட்டார், முந்தி பனி கண்டிருக்கிறீங்களோ என்று.

“கண்டிருக்கிறன். யப்பானில.”

“யப்பானில எவ்விடம்?”

இதைக் கேட்டிருக்கக் கூடாது. மனிதர் பையைக் கீழே வைத்தார். மேசையின் ஒரு பக்கத்தில் கிடந்த பாண் பொட்டலத்தை மேற்கே தள்ளினார். அது ஒரு மலைத்தொடர். அரிசிப் பையை இழுத்துக் கிழக்கே வைத்தார். அது மற்ற மலைத்தொடர். தன் இடது கையை விரல்களை விரித்து நடுவில் வைத்தார். “இதுதான் ஊர்” என்றார்.

அந்த ஊரின் பெயர் ஈடா. யப்பானின் நடுவயிற்றில், கடலையே காணாத பள்ளத்தாக்கு. தென்ரியூ என்கிற ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. ஊர் ஆற்றங்கரையில் இல்லை. ஆற்றுக்கு மேலே, தட்டுத் தட்டாக நிற்கும் மேட்டில் இருக்கிறது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு பெரிய ஆற்றுக்குப் போகின்றன. அவருடைய விரல்கள்தான் தட்டுகள், விரலிடுக்குகள்தான் சிற்றாறுகள். நடுவிரலின் நகத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. மூன்று பக்கமும் பள்ளம், ஒரு பக்கத்தால் மட்டும் வரலாம். ஆகவே எதிரி வந்தால் மணிக்கட்டுப் பக்கத்தால்தான் வர வேண்டும். வணிகர் தெருக்கள் எல்லாம் புறங்கையில்.

ஆலையில் இருந்தபோது உருளை இயந்திரம் பழக அவரை ஆறு மாதம் அங்கே அனுப்பியிருந்தார்கள். ஆறே ஆறு மாதம். ஆனால் மனிதர் அந்த ஊரை அரித்தெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உப்புகூடக் கடலோரத்திலிருந்து குதிரை முதுகில் மலை ஏறித்தான் வந்ததாம். குதிரைக்காரர்கள் அதனால் பெரிய ஆட்களாம். மீனுக்குப் பதில் வெட்டுக்கிளியைச் சோயாவும் சீனியும் போட்டுப் பிரட்டித் தின்பார்களாம். “நீங்களும் தின்றனீங்களோ” என்று யாரோ பயந்து கேட்டார்கள். “எங்கட நெத்தலிப் பொரியல் மாதிரித்தான். கால் மட்டும் பல்லில மாட்டும்” என்றார். அவர் கோட்டை வரைக்கும் வந்தபோது அடுப்பில் பருப்பு கருகிவிட்டது.

அவருடைய குணம் இதுதான். எதையும் நடுவிலிருந்து தொடங்கமாட்டார். எதையும் விட்டுச் சொல்லமாட்டார். இல்லாத எதையும் சேர்க்கமாட்டார். நீங்கள் பனிச்சப்பாத்து எங்கே வாங்கலாம் என்று கேட்டால், ஈடாவின் மேற்கு மலையில் தொடங்கி, ஆற்றில் இறங்கி, மேட்டில் ஏறி, கோட்டையைத் தாண்டி, வைக்கோல் சப்பாத்துக்கு வந்து, அங்கிருந்துதான் மொன்றியலுக்கு வருவார். நாங்கள் பொறுமையானவர்கள் அல்ல. மலை முடிந்து ஆறு வந்ததும் ஒருவர் எழும்புவார். கோட்டையில் இருவர். வரலாறு தொடங்கும்போது அவரும் கையும்தான் மேசையில் இருக்கும். யாரும் இடையில் எழும்பினால் அவர் கோபிப்பதில்லை. “சரி கா, மறுகா சொல்லுறன்” என்பார். மறுகா என்றால் அவர்கள் ஊரில் பிறகு. அந்தப் பிறகு வரும்போது திரும்பவும் மலையிலிருந்து.

ஒரு முறை சுருக்கமாகச் சொல்லுங்கோ என்று கேட்டேன்.

“சுருக்கினாப் பிழைச்சுப் போகும் தம்பி. ஆறு எங்கால ஓடுதெண்டு தெரியாம ஊர எப்பிடி விளங்கிற?”

இப்படிப்பட்ட ஒருவரை மொன்றியலில் கொண்டுவந்து விட்டதுதான் விதியின் குறும்பு. அந்த ஊரில் ‘வடக்கு’ என்று எல்லோரும் சொல்லும் திசை உண்மையில் வடக்கு இல்லை, அது மேற்கோடு சரிந்துகிடக்கிறது. தெரு வரைபடம், பேருந்து, பெயர்ப்பலகை எல்லாம் ஒரே பொய்யை ஒற்றுமையாகச் சொல்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிதில்லை. அவர் புவாண்ட்-கிளேரில் கடதாசிப் பெட்டி அடிக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமையில் முகம் வாடி வந்தார். சூரியன் சரியான இடத்தில் மறையவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்ரிக் திசைகாட்டியோடு சென்-லோரன் தெரு மூலையில் ஒரு மணித்தியாலம் நின்றார். பிறகு ஒரு பேருந்துச் சாரதியிடம் தன் பதினொரு பிரெஞ்சுச் சொற்களையும் செலவழித்து முறையிட்டார். சாரதி “பொன்சூர்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னார், “இஞ்ச வடக்கு வடக்கில இல்ல.”

வங்கி அண்ணை திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார், “வெல்ஃபெயர் ஒஃபிஸ் வெல்ஃபெயர் ஒஃபிஸிலதானே இருக்கு? அது காணும்.”

வங்கி அண்ணைக்கும் அவருக்கும் எப்போதும் ஒரு உரசல். வங்கி அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒரு நாள் வேலையால் வந்து, கையெழுத்துப் போட்ட கை இது என்று கையைக் காட்டி அழத் தொடங்கிவிட்டார். யப்பான் அண்ணைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாண் பொட்டலத்தை மேற்கே தள்ளினார்.

அன்றைக்கு யாரும் எழும்பவில்லை, ஒரு மனிதர் அழும்போது எழும்புவது அழகில்லை என்பதால். அதனால் முதன்முறையாக நாங்கள் கோட்டையைத் தாண்டி வரலாற்றுக்குள் போனோம். ஈடாவில் நல்ல தண்ணீர், நல்ல கடதாசி. அந்தக் கடதாசியை முறுக்கி நூலாக்கி, படைவீரர்கள் உச்சிக் குடுமி கட்டுகிற கயிறு செய்தார்கள். நாடு முழுக்க உள்ள குடுமிகளில் ஈடாக் கயிறு. பரம்பரை பரம்பரையாக ஒரு ஊரே மற்றவர்களின் தலைமுடியில் சீவித்தது. பிறகு அரசாங்கம் மாறியது. குடுமியை வெட்டலாம் என்று புதுச் சட்டம் வந்தது. எல்லோரும் வெட்டினார்கள். கயிறு அப்படியே மலைபோலக் குவிந்து கிடந்தது.

“என்ன செஞ்சாங்க தெரியுமா? அதே கயிறுதான். பொன் நிறம், வெள்ளி நிறம் பூசி, கலியாண வீட்டுக்குக் குடுக்கிற பரிசுப் பொட்டலத்தக் கட்டுற கயிறாக்கினாங்க. இண்டைக்கும் யப்பானில கலியாணமெண்டா அந்தக் கயிறுதான். கை மாறல்ல. கட்டுறது மாறிச்சு.”

வங்கி அண்ணை மூக்கைச் சிந்தினார். “அப்ப நான் கோப்பையை என்ன நிறத்தில கழுவட்டும்?” என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். வங்கி அண்ணையும் சிரித்தார். அழுகை நின்றுவிட்டது. ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழும்பிவிட்டதால் வரலாறு அந்த இடத்திலேயே நின்றுபோனது. குடுமிக்குப் பிறகு ஈடாவுக்கு என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவருக்கு விசாரணைத் திகதி வந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்புப் பக்கம் அவர் குடும்பத்தோடு இருந்த வாடகை வீடு எரிந்தது. ஆலையின் கொழும்பு வேலைக்கு மாற்றலாகிப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டக்களப்பில் மனைவியின் தமக்கை வீட்டில் இருந்தார்கள். அங்கேயும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. கடிதங்கள் ஆறு கிழமைக்கு ஒன்றாகி, பிறகு பத்துக் கிழமைக்கு ஒன்றாகின. அகதியாக ஏற்றுக்கொண்டால் மூவரையும் கூப்பிடலாம். இல்லையென்றால் இல்லை. இதில் வேறு கணக்கு எதுவும் கிடையாது.

படிவத்தில் ‘நீர் முன்பு வாழ்ந்த நாடுகள்’ என்று ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு கதை உலாவியது. இன்னொரு நல்ல நாட்டில் கால் வைத்திருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் நம்பினோம். நான் யப்பானை விட்டுவிட்டேன். இடத்தை நிரப்ப நிலவைப் போட்டேன்.

அவர் படிவத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு விரல் வைத்து மெதுவாகப் படித்தார். “தம்பி, யப்பான் எங்க?” என்றார்.

நான் விளக்கினேன். பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கோ என்றேன். அது அவரை அடக்கிவிடும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனையைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் மேசையில் கை வைக்கவில்லை.

ஒத்திகை பார்த்தோம். நான் அதிகாரி.

“என்ன வேலை செய்தனீங்கள்?”

“கடதாசி ஆலையில. அந்த இயந்திரம் பழக நான்...” உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார். மூன்று கிழமையில் பதினைந்து ஒத்திகை. பதினைந்திலும் வாயைப் பொத்தினார். வங்கி அண்ணை சொன்னார், இவருக்குப் பல்வலி என்று ஒரு மருத்துவக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கோ என்று.

விசாரணை நகர நடுவில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில். சன்னல் இல்லாத அறை. அவர் உள்ளே வந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம் முதலில் கேட்டது, “பிள்ளை, கிழக்கு எங்கால?” மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பெண். “தெரியல சார், உக்காருங்க” என்றார். அதிகாரி ஐம்பது வயதுக் கியூபெக் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. பேசுவதெல்லாம் கசற்றில் ஏறும், தட்டெழுதி ஒட்டாவாவுக்குப் போகும், அங்கே இருப்பவர்கள் படித்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

அதிகாரி முதலில் ஒரு வசனத்தைச் சத்தமாக வாசித்தார். என் வசனம். ஒரு வாசகர் என் எழுத்தை வாய்விட்டு வாசிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு கணம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

“மேடம் இந்த நிலாவைப் பத்திக் கேக்கறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர். “இதே நிலா இன்னும் எட்டு ஃபைல்ல இருக்காம். ஊர் வேற, மாசம் வேற. ஒரு ஃபைல்ல அன்னிக்கு அமாவாசையாம். மேடம் காலண்டர் பாத்திருக்காங்க.”

நான் கைப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே மீன் ரின் சான்ட்விச் இருந்தது. மூடினேன்.

யப்பான் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். “அம்மா, அது பகல் ரெண்டு மணி. நல்ல வெயில். நிலவு இல்ல. நிலவு இந்தத் தம்பி போட்டது. அவர் கதை எழுதுற ஆள்.”

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதிகாரி கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினான்கு நிராகரிப்புக் கடிதங்களிலும் இல்லாத ஏதோ ஒன்று அந்தப் பார்வையில் இருந்தது. இனி இவர் சொல்வதில் எதை நம்புவார்கள்? மட்டக்களப்பில் இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளை நான் ஒரு வசனத்துக்காக விற்றுவிட்டேன் என்று தோன்றியது.

அதிகாரி அடுத்ததற்குப் போனார். கேள்வி நியாயமானது, குரலும் கடுமையில்லை. “வீடு எரிந்தது என்கிறீர். வீடுகள் பல காரணத்தால் எரியும். நீர் அப்போது வேலையில் இருந்தீர். இது வேண்டுமென்று வைத்த நெருப்பு, பக்கத்து வீட்டிலிருந்து பரவியதல்ல என்று உமக்கு எப்படித் தெரியும்?”

அவர் வாயைத் திறந்தார். உள்ளங்கை பாதிவழி மேலே வந்தது. அங்கேயே நின்றது.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் என் தலையைப் பார்த்தார், மூன்று கிழமை என்னோடு சேர்ந்து பழகிய பதிலை ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு கையை இறக்கினார்.

“அம்மா, தானா எரிஞ்ச ஊரொண்டு எனக்குத் தெரியும். அத வைச்சுத்தான் சொல்லுறன். யப்பானில.”

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். “யப்பான் இதில் இல்லை.”

“அத விட்டதும் இந்தத் தம்பிதான். ஆனாக் கையெழுத்துப் போட்டது நான். பிழை என்னிலதான்.” சொல்லிவிட்டு ஒலிப்பதிவுக் கருவியை மெல்ல மேற்கே தள்ளினார். மேற்கு எது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தள்ளினார். தண்ணீர்ப் போத்தலைக் கிழக்கே வைத்தார். இடது கையை விரித்து நடுவில் வைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில், “சார், கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க” என்றார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சொல்லட்டும் என்றார். கேட்பது அவருடைய வேலை. யப்பான் அண்ணையை இடையில் எழும்பிப் போகாமல் கேட்ட முதல் ஆள் கனடா அரசாங்கம்.

மலை, ஆறு, தட்டுகள், கோட்டை, உப்புக் குதிரை, குடுமிக் கயிறு எல்லாம் போயிற்று. முதல் கசற் முடிந்து இரண்டாவது போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் நாங்கள் ஒருவரும் ஒருநாளும் கேட்டிராத இடத்துக்கு அவர் வந்தார்.

உலக யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் அந்த ஊர் எரிந்ததாம். குண்டு எதுவும் விழவில்லை. ஒரு வீட்டுப் புகைபோக்கியில் கிளம்பிய பொறி என்று சொல்கிறார்களாம். வசந்த காலம், வறண்ட காற்று. ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில், தண்ணீர் காணாது. ஒரு பகலில் புறங்கை முழுவதும் சாம்பல். அவர் தங்கியிருந்த வீட்டுக் கிழவர் அன்று தீயணைக்க ஓடியவராம். நெருப்பு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று தெருத் தெருவாக இவருக்குக் கீறிக் காட்டியிருக்கிறார். இவர் விரலால் தன் புறங்கையில் அந்த வழியைக் காட்டினார்.

“அம்மா, தானா வாற நெருப்பு வரிசையில வரும். ஒரு வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போகாது. காத்து எங்கால அடிக்குதோ அங்கால எல்லாத்தையும் திண்டுகொண்டு போகும். எங்கட ஒழுங்கையில பதினொரு வீடு. எரிஞ்சது ரெண்டாவது, அஞ்சாவது, எட்டாவது. மூணும் தமிழாக்கள்ற வீடு. நடுவில இருந்த வீட்டில சன்னல் சீலைகூடக் கருகல்ல. அந்த நெருப்புக்கு எங்கட பேர் எப்பிடித் தெரியும்?”

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார்.

நான் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். எந்த எழுத்தாளனும் நிறுத்தியிருப்பான். அவர் நிறுத்தவில்லை, ஏனென்றால் ஊர் இன்னும் முடியவில்லை.

எரிந்த பிறகு ஈடாவில் வீதிகளை அகலமாக்கினார்களாம். அதைவிட ஒரு வேலை செய்தார்களாம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் காணியின் பின்பக்கத்தில் மூன்றடி விட்டுக்கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடும் விட்டுக்கொடுத்தால் நடுவில் ஒரு ஒழுங்கை. திரும்ப நெருப்பு வந்தால் எல்லோரும் ஓடித் தப்ப. அந்த ஒழுங்கை இன்றைக்கும் இருக்கிறது, பூச்சட்டி வைக்கவும் விடமாட்டார்கள்.

“யப்பானில நிக்கச் சொல்லிக் கேட்டாங்க அம்மா. நான் நிக்கல்ல. அப்ப எனக்கு என்ட ஊர் இருந்திச்சு. எங்கட ஒழுங்கையில நெருப்பு வந்த அண்டு என்ட மனிசியும் பிள்ளைகளும் பின்பக்கத்தால ஓடப் பாத்தாங்க. பின்வீட்டான் படலையப் பூட்டிட்டான். மதில் ஏறி விழுந்து சின்னவளுக்குக் கை முறிஞ்சுது. எரிஞ்சதால நான் நாட்ட விட்டு வரல்ல. எரிஞ்ச ஊரத் திருப்பிக் கட்டலாம், நான் கண்ணால கண்டனான். எங்களுக்கு அந்த மூணடி விட யாரும் இல்ல. அதுதான் இஞ்ச வந்தனான்.”

அகதி என்றால் யார் என்று பிறகு நான் பல சட்டப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒன்றும் படித்ததில்லை.

அதிகாரி ஒலிப்பதிவை நிறுத்தினார். விசாரணை முடிந்தது என்றார். நான் கைப்பெட்டியைத் தூக்கினேன். அதிகாரி எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டுவிட்டு, கசற் ஓடாத நேரத்தில், ஆங்கிலத்தில் நேராக அவரிடமே கேட்டார், “அதற்குப் பிறகு?”

“அப்பிள் மரம்” என்றார் யப்பான் அண்ணை, தன் ஆங்கிலத்தில். அகலமாக்கிய வீதியின் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பிள் மரம் நட்டார்களாம். பெரியவர்கள் சொன்னார்களாம், காய்த்தால் களவு போகும் என்று. அப்பிளைக் களவெடுக்காத ஊராக்குவோம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். இதற்கு இன்னும் கால் மணித்தியாலம். அடுத்த விசாரணைக்கு வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

ஐந்து மாதத்தில் ஒட்டாவாக் கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் வீட்டில் அதுதான் முதலாவது. அவருக்கு முன்பே என் நிலவோடு போன மற்ற எட்டுப் பேரும் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். அன்று எங்கள் மூன்றரையில் வீட்டிலிருந்த எட்டுப் பேரும் சேர்ந்து ஆட்டிறைச்சிக் கறி சமைத்தோம். வங்கி அண்ணை இரண்டு போத்தல் பியர் குடித்துவிட்டு எழும்பி நின்று, இன்றைக்கு ஒருவரும் இடையில் எழும்பக் கூடாது என்று கட்டளை போட்டு, தானே பாண் பொட்டலத்தை எடுத்து மேற்கே தள்ளினார். முழு ஊரையும் கேட்டோம். அப்பிள் வரை. கடைசியில் எல்லோரும் கைதட்டினோம், கீழ்வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவி தும்புத்தடியால் கூரையில் இடித்தாள். யப்பான் அண்ணை முகத்தில் ஒரு நகர சபைத் தலைவரின் களை இருந்தது.

நான் படிவம் எழுதுவதை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்கள் சொன்ன இரண்டு வரியை இரண்டு வரியாகவே எழுதினேன். காத்திருந்த எட்டுப் பேருக்கும் புதிய கூற்று எழுதி, நிலவு என்னுடையது என்று நானே கையெழுத்து வைத்து அனுப்பினேன். காலம் எடுத்தது, ஆனால் எட்டும் சரிவந்தது.

அடுத்த வருடம் கோடையில் அவருடைய மனைவியும் பெண்பிள்ளைகளும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். நாங்கள் எட்டுப் பேரும் போனோம். சின்னவளின் கை கொஞ்சம் வளைந்துதான் பொருந்தியிருந்தது. அந்தக் கையாலேயே தகப்பனின் மடித்த சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெட்டிகளை வானில் ஏற்றும்போது நான் மனைவிக்குப் பக்கத்தில் நின்றேன். அமைதியான பெண்மணி. கண் துடைத்து முடிந்திருந்தது. அவருக்கு இது தெரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்கா, உங்கட அவர் அந்த அறையில எப்பிடிக் கதைச்சவர் தெரியுமோ, வழக்கறிஞர்கள் தோற்றுப்போவார்கள், இரண்டு கசற், அந்த யப்பான் ஊரைப் பற்றி அவர் சொன்னதை ஒட்டாவாவில் நம்பித்தான் உங்களுக்கு இந்த விசா வந்தது என்று, கொஞ்சம் இலக்கியமாகவே சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். முன் ஆசனத்தில் ஏறிய கணவர் வான் சாரதியிடம் இந்த வீதி எந்தத் திசைக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நம்பிக் குடுத்திருக்கமாட்டாங்க தம்பி” என்றார் மனைவி. “இவர இன்னொருக்காக் கூப்பிட்டு விசாரிக்கிற பயத்தில குடுத்திருப்பாங்க.”